இடுக்கின் வாசலில் திரும்பியவள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலுக்கு எதிர் நாற்காலியில் அக்கா. இடது காலின் இரண்டு விரல்களில் கட்டுப் போட்டிருந்ததால் காலை ஒரு முக்காலிமேல் நீட்டியிருந்தாள். அவளுக்கு வலப்பக்கம் அத்தான். அவர் உட்கார்ந்திருந்தார் என்பதைவிட நாற்காலி விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தார் என்பதுதான் சரி. சமையலறை வாசலை அடைத்தபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் முகவாயை வைத்துக்கொண்டு அவர்கள் மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் வைப்பதால் நாங்கள் அவளைக் கூப்பிடுவது வக்கீல் என்று. மேசையின் தலைப்பக்கம், வெளிச்சம் இடது தோளுக்குமேல் விழும்படி, நான்.

என் முன்னால் கோடு போட்ட தாள் பத்து, வெள்ளைத்தாள் நான்கு, நீல மைப் பேனா இரண்டு, அக்காவுக்கு ஓர் அரசு அலுவலகத்திலிருந்து வந்த நோட்டீஸ் ஒன்று. மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் கடிதப் பிரிவில் இருபது வருடமாக இருக்கிறேன். அதனால் எங்கள் குடும்பத்தில் யார் யாருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தாலும் அது என் தலையில்தான் விழும். எனக்கும் அதில் வருத்தமில்லை.

நோட்டீஸ் அனுப்பியிருந்தது பள்ளத்தாக்குக் காவல் அலுவலகம். பாலைவனத்தில் ஒரு சிற்றாறு பாறையை அறுத்து அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு அது. முதுகில் மூட்டையோடு நான்கு நாள் நடந்தால்தான் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகலாம். தனியாக நடப்பதற்குத் தனி அனுமதி. அக்கா அதற்காக மூன்று வருடம் காத்திருந்தாள். இப்போது அவளுக்கு வயது ஐம்பத்து நான்கு. நோட்டீஸின் சாரம் இது: பதிவு செய்த வழியை விட்டு விலகினீர்கள். உங்களைத் தேடி இரண்டு காவலர்கள் ஆபத்தான இடத்தில் இறங்க வேண்டியதாயிற்று. பதினைந்து நாளுக்குள் விளக்கம் தரவேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லையென்றால், தனியாக நடப்போர் பட்டியலிலிருந்து உங்கள் பெயர் நிரந்தரமாக நீக்கப்படும்.

நிரந்தரமாக என்ற சொல்லின் கீழ் அவர்களே கோடு போட்டிருந்தார்கள்.

அனுப்புநர், பெறுநர் எழுதி முடித்து, பொருள் என்று போட்டு இரண்டு புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"பொருள் என்ன போடட்டும்?"

"திடீர் உடல்நலக் குறைவுன்னு போடு மச்சான்," என்றார் அத்தான்.

"எனக்கு என்ன குறைவு? நல்லாத்தானே இருந்தேன்," என்றாள் அக்கா.

"நோட்டீஸ்ல கடைசிப் பாராவைப் படி. உடம்பு சரியில்லாம வழி மாறியிருந்தா, டாக்டர் சீட்டு வச்சா போதும், நடவடிக்கை கிடையாதுன்னு அவங்களே போட்டிருக்காங்க. கீழ்வீட்டு டாக்டர் நமக்குத் தராமலா போவார்? கதவு தானா திறந்திருக்கு, நீ சுவர் ஏறிக் குதிக்கணும்ங்கற."

"அதெல்லாம் வேண்டாம்பா," என்றாள் வக்கீல். "நாம எதுக்குப் பதுங்கணும்? காவலர்களின் கவனக்குறைவு குறித்துப் புகார்னு போடுங்க மாமா. வழி மாத்தினதை அம்மா அங்க இருக்கிற பதிவு நோட்டுல எழுதித்தான் வச்சிருக்காங்க. அவங்க ஒரு பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருந்தா இந்தக் கூத்தே இல்ல."

அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னிடம், "முதல்ல நடந்ததை எழுதுடா. பொருளை அப்புறம் பார்க்கலாம்," என்றாள்.

பொருள் வரியைக் காலியாக விட்டுவிட்டுக் கீழே இறங்குவது எனக்குச் சட்டைப் பொத்தான் போடாமல் தெருவில் இறங்குவது மாதிரி. ஆனாலும் மூன்று விரல் இடம் விட்டேன்.

அக்காவின் தொழிலைச் சொல்லாமல் மேற்கொண்டு சொல்ல முடியாது. அவள் தண்ணீர் மீட்டர் அளவு எடுப்பவள். இருபத்தெட்டு வருடமாக வீடு வீடாகப் போய், மூடியைத் தூக்கி, குனிந்து, முள்ளைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறாள். நாய்க்கடி நான்கு, தேள்கடி ஒன்று. 'எங்க வீட்டு மீட்டர் பொய் சொல்லுதும்மா' என்று தினம் ஒருவராவது சொல்வார்களாம். 'மீட்டருக்குப் பொய் சொல்லி என்னங்க லாபம்' என்பாளாம் இவள்.

நான் கேள்வி கேட்டேன், அவள் சொன்னாள். நாள், நேரம், இடம் என்று வரிசையாகக் கேட்டேன்.

திங்கள் காலை ஏழு மணிக்கு மேல்முனையில் இறங்கினாள். அன்று இரவு மணல்திட்டில் தங்கல். செவ்வாய் காலை பத்தேகாலுக்கு வழி பிரியும் இடத்துக்கு வந்துசேர்ந்தாள். அங்கே பாறையோடு சேர்த்து அடித்த இரும்புப் பெட்டியில் ஒரு நோட்டு இருக்கும். வருகிறவர்கள் பெயர், நேரம், போகும் வழி எழுத வேண்டும். இடதுபக்கம் போனால் இடுக்கு. வலதுபக்கம் ஏறினால் மேல்வழி. மேல்வழி கூடுதலாக ஒரு நாள் பிடிக்கும், வழியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அக்கா நோட்டில் தன் பெயரையும் இடுக்கு வழி என்றும் எழுதிவிட்டு இடதுபக்கம் இறங்கினாள்.

இந்த இடுக்கைப் பார்க்கத்தான் அவள் போனதே. பாறைச் சுவர் இரண்டும் நெருங்கி நெருங்கி, இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு பக்கமும் தொடலாமாம். அண்ணாந்தால் வானம் ஒரு நூல் அளவுக்குத் தெரியுமாம். உள்ளே போய்விட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஏறி ஒதுங்க ஒரு படி கிடையாது.

"இடுக்கு வாசலுக்கு எவ்வளவு தூரம் இருக்கிறப்ப திரும்பினே?"

"அரைக் கிலோமீட்டர். வாசல் தெரிஞ்சுது. உள்ள இருட்டு, அதுக்குள்ள ஒரு செவப்பு வெளிச்சம். சாப்பிட்டுட்டுத் தெம்பாப் போகலாம்னு ஆத்து ஓரமா உட்கார்ந்தேன். அங்கதான் தப்பிச்சேன்."

"மழை இருந்ததா?"

"ஒரு துளி இல்ல. வானம் துடைச்சு வச்ச மாதிரி இருந்துது. வடக்கே தூரத்துல மட்டும் அழுக்குத்துணி நீளத்துக்கு ஒரு மேகம்."

"பிறகு எதை வைத்து முடிவு செய்தாய்?"

"பேச்சுத் தமிழ்ல கேளுடா, பயமா இருக்கு." சிரித்துவிட்டுச் சொன்னாள்: "சும்மா ஒரு பழக்கம். உட்கார்ந்ததும் தண்ணி விளிம்புல பாறைமேல பென்சில்ல ஒரு கோடு போட்டேன். தண்ணியப் பார்த்தா அளக்காம இருக்க முடியலையே. சாப்பிட்டு முடிச்சுப் பார்க்கிறேன், கோட்டைக் காணோம். ஒரு விரல் ஏறியிருக்கு. சரி, கண்ணு ஏமாத்துதோன்னு மறுபடி ஒரு கோடு போட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். அதுவும் போயிடுச்சு. தண்ணி தெளிவா இருந்தது, டீ நிறத்துக்கு வந்துடுச்சு. சின்னச் சின்னக் குச்சியா மிதந்து வருது."

"உடனே திரும்பிட்டியா?"

"உடனேன்னு பொய் சொல்லாதே. மூணு வருஷம்டா. வாசல் கண்ணுக்கு முன்னால நிக்குது. ஒரு விரல்தானே, ஓடிப் போயிடலாமேன்னு எழுந்து நின்னேன். மூட்டையை மாட்டிட்டேன்கூட." அவள் கட்டுப்போட்ட கால்விரல்களைப் பார்த்தாள். "அப்புறம் நினைச்சேன், இத்தனை வருஷமா ஊர்ல அத்தனை பேருகிட்டயும் முள் நகர்ந்தா நகர்ந்ததுதான்னு சண்டை போட்டிருக்கேன். எனக்குன்னு வரும்போது மட்டும் நகரலைன்னு சொல்லிக்கிறதா?"

வக்கீல் நாற்காலியிலிருந்து முகவாயை எடுத்துவிட்டாள். அவள் எதிர்வாதம் வைக்காமல் ஒரு முழு நிமிடம் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பதினொன்றரைக்குத் திரும்பினாள். பன்னிரண்டு பத்துக்கு வழி பிரியும் இடத்துக்கு வந்து, நோட்டில் மாற்றத்தை எழுதிவிட்டு, பையில் இருந்த ஆறு லிட்டர் தண்ணீரை மூன்று நாளுக்குப் பங்கு போட்டுக்கொண்டு மேல்வழியில் ஏறினாள். வந்த வழியே திரும்பியிருக்கலாம்தான். ஆனால் அதுவும் ஆற்றுப்படுகை. ஒன்றரை மணிக்குப் பாதி மலையில் மூச்சு வாங்க நின்றபோது கீழே வெள்ளம் வந்தது. முதலில் சத்தம்தான் வந்ததாம், கல் லாரி ஒன்று மண்சாலையில் வருகிற மாதிரி. பிறகு செம்மண் நிறத்தில் ஒரு சுவர். மரங்கள் நிமிர்ந்தபடியே அதில் நடந்துபோயின என்றாள். அது இடுக்கு வாசலுக்குள் நுழைய முடியாமல் ஒரு கணம் குவிந்து நின்று, பிறகு உள்ளே போயிற்று.

"உனக்கு அப்ப எப்படி இருந்தது?"

"என்ன, நோட்டீஸ்ல இதையும் கேட்டிருக்காங்களா?"

"இல்ல. நான் கேட்கிறேன்."

"ஒண்ணு சொல்றேன், யாரும் சிரிக்கக் கூடாது. என் தோளை நானே தட்டிக்கிட்டேன். பக்கத்துல வேற யாரும் இல்லையே."

யாரும் சிரிக்கவில்லை. அத்தான் மட்டும் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, கேட்காமலே அவள் முன்னால் வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது: விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் நடந்தாள், வெயில் நேரத்தில் பாறை நிழலில் படுத்தாள், இடது கால்விரல் இரண்டும் புண்ணாகி, வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நேரே காவல் அலுவலகத்து வாசலிலேயே போய் நின்றாள். அங்கிருந்த எழுத்தர், 'யாரைப் பார்க்கணும்?' என்று கேட்டார். இவள் பெயரைச் சொன்னாள். அவர், 'அவங்களைத்தான் தேடிக்கிட்டிருக்கோம், உட்காருங்க' என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தொலைபேசியில் பேசப் போய்விட்டாராம். அவருக்கு உறைக்க அரை நிமிடம் ஆயிற்று.

ஏனென்றால் அவள் வியாழன் சாயங்காலமே வெளியே வந்திருக்க வேண்டும். 'வியாழன் ஆறு மணிக்குள் என்னிடமிருந்து போன் வராவிட்டால் இந்த எண்ணுக்குச் சொல்லவும்' என்று அத்தான் கையில் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். மேல்வழியில் போன் எடுக்காது. அத்தான் ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குச் சொல்லிவிட்டார். வெள்ளி விடிந்ததும் இரண்டு காவலர்கள் கயிறு கட்டிக் குறுக்கே இறங்கி, பெட்டியைத் திறந்து நோட்டைப் பார்த்தார்கள். அக்கா பெயருக்கு நேரே இடுக்கு வழி என்று இருந்தது. வெள்ளம் போன இடுக்குக்குள் இறங்கித் தொடை ஆழச் சேற்றில் இரண்டு மணி நேரம் தேடினார்கள். ஒருவருடைய பூட்ஸ் ஒன்று சேற்றோடு போய்விட்டது.

"நீ மாற்றத்தை எழுதினேன்னு சொன்னியே?"

அக்கா என் பேனாவை வாங்கினாள். வெள்ளைத்தாளில் கட்டம் போட்டாள்.

"காலையில நான் எழுதினது பக்கத்தோட கடைசி வரி. மத்தியானம் வந்து எழுதினது அடுத்த பக்கத்துல முதல் வரி. பெயர் இருக்கிற கட்டத்துல மேற்படின்னு போட்டேன். வழி, மேல்வழி. நேரம், பன்னிரண்டு பத்து."

"பழைய வரியை அடிக்கலையா?"

"எங்க பதிவேட்டுல எழுதின அளவை அடிக்கவே கூடாதுடா. அடிச்சா, எதையோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம். புது அளவு அடுத்த வரியில வரும், ஆள் அதே ஆள்னா மேற்படி. இருபத்தெட்டு வருஷம் இந்தக் கை அப்படித்தான் எழுதியிருக்கு. அங்க பாறைமேல உட்கார்ந்தும் அப்படித்தான் எழுதுச்சு. திருப்பிப் பார்த்தா பெயர் இல்லாம ஒரு மேற்படி. யாருக்குப் புரியும்?"

"திருப்பிப் பார்க்கணும்ல," என்றாள் வக்கீல். இந்த முறை குரலில் பழைய வேகம் இல்லை.

"ஏன் பார்க்கணும்? என் பெயர் இருக்கு, வழி இருக்கு, அடிக்கலை. நானா இருந்தா நானும் மூடிட்டு ஓடியிருப்பேன். அந்த ரெண்டு பேருக்கும் வீடு இருக்கு. அவங்க இடுக்குல இருக்கும்போது இன்னொரு வெள்ளம் வந்திருந்தா?" அவள் பேனாவைத் திருப்பித் தந்தாள். "எழுதுடா. வழியை மாத்தினது சரி. அதுக்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். எழுதின விதம் தப்பு. அது முழுக்க என் தப்பு."

"மொத்தத் தப்பையும் தூக்கித் தலையில வச்சுக்கிட்டா பெயரை அடிச்சுடுவாங்க," என்றார் அத்தான். "அப்புறம் அந்த இடுக்கை நீ இந்த ஜென்மத்துல பார்க்க முடியாது. காய்ச்சல்னு ஒரு வார்த்தை. யாருக்கு நஷ்டம்?"

"வெயில்ல காய்ச்சலோட மேல்வழி ஏறினேன்னு எழுதினா, நான் பார்த்துத் திரும்பினது எங்க போகும்? பயந்து, உளறி, தப்பிச்சு வந்த பொம்பளைன்னு ஆயிடும். எனக்கு அந்த இடுக்கு வேணும்தாங்க. ராத்திரி கண்ணை மூடினா அந்த வாசல்தான் வருது. ஆனா அப்படி ஒரு சீட்டைக் காட்டிட்டு அங்க போய் எந்த மூஞ்சியோட நிப்பேன்?"

"பிடிச்ச முயலுக்கு மூணே கால்," என்று அத்தான் முணுமுணுத்தார்.

"முயலை விடுங்க. உங்களுக்கு ஏன் இவ்வளவு பதட்டம்? நோட்டீஸ் எனக்குத்தானே வந்திருக்கு."

அத்தான் தன் கைகளைப் பார்த்தார். லிஃப்ட் மெக்கானிக், கிரீஸ் ரேகைகளில் ஏறிப் போன கைகள். பதினான்கு மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாட்டு முணுமுணுக்கிற மனிதர். அந்தக் கைகளை மேசைக்குக் கீழே கொண்டுபோய்விட்டுச் சொன்னார்:

"வியாழக்கிழமை போன்ல ஒரு அதிகாரி பேசினார். எல்லாம் கேட்டார். கடைசியா ஒண்ணு கேட்டார். உங்க வீட்டம்மா போட்ட திட்டத்தை நடுவுல மாத்திக்கிற ஆளா, மேல்வழிப் பக்கமும் ஆள் அனுப்பணுமான்னு."

"என்ன சொன்னீங்க?"

"மாத்தவே மாட்டா சார்னு சொன்னேன். எழுதிட்டான்னா எழுதினதுதான், செத்தாலும் அதே வழியிலதான் இருப்பான்னு." "பெருமையாச் சொன்னேன். போனை வச்சப்புறம்தான் என்ன சொன்னேன்னு உறைச்சுது. அவங்களை இடுக்குக்குள்ள அனுப்பினது உன் நோட்டு மட்டும் இல்ல. நானும்தான்."

நான் பேனா மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினேன். வக்கீல் அப்பாவின் தோளில் கை வைக்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

முதலில் சிரித்தது அக்காதான். சத்தமில்லாமல் ஆரம்பித்துத் தோள் குலுங்கியது.

"கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம். ஒரே ஒரு தடவை மாத்தியிருக்கேன். அதுவும் நீங்க இல்லாதப்ப. உங்களுக்கு எப்படித் தெரியும், பாவம்."

"சிரிக்காதே."

"சரி, சிரிக்கலை. ஆறு அஞ்சுக்குச் சொன்னீங்களாமே. அஞ்சு நிமிஷம் எதுக்குப் பொறுத்தீங்க?"

"கடிகாரம் வேகமா ஓடுதோன்னு சந்தேகம்," என்றார் அத்தான். அப்போது அவரும் சிரித்துவிட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "மச்சான், நான் சொன்னதையும் அதுல எழுது. அவ கையெழுத்துக்குக் கீழ நான் ஒரு கையெழுத்துப் போடுறேன்."

"அப்படிப் போட முறை இல்லை அத்தான். வேண்டுமானால் வீட்டில் தகவல் வைத்திருந்தவர் என்ற முறையில் தனித்தாளில் இணைப்பாகத் தரலாம். உங்கள் கைப்பட."

"கைப்படவா? நான் கடைசியா எழுதினது கல்யாணத்துக்கு லீவு லெட்டர்."

"அதுக்கு லீவு கிடைச்சுதில்ல? அப்ப நல்லாத்தான் எழுதியிருப்பீங்க," என்று வக்கீல் ஒரு தாளை அவர் பக்கம் தள்ளினாள். "டாக்டர் சீட்டு வேண்டாம்தானேப்பா?"

"வேண்டாம்."

"அப்ப என் புகாரையும் வாபஸ் வாங்கிக்கிறேன்."

நான் எழுத ஆரம்பித்தேன். இரண்டு வரைவு கிழிபட்டது. முதல் வரைவில் நான் 'தங்கள் மேலான கருணையை வேண்டி' என்று எழுதியிருந்தேன். அக்கா அதைப் படித்துவிட்டு, "இது யாரோட கருணை?" என்று கேட்டாள். இரண்டாவதில் வெள்ளத்தைப் பற்றி அரைப் பக்கம் வர்ணித்துவிட்டேன். அது எனக்கே தெரிந்தது. மூன்றாவது நின்றது. அதில் நடுப்பகுதி இது:

'பத்து நிமிட இடைவெளியில் நீர்மட்டம் இரண்டாம் முறையும் உயர்ந்ததையும், நீரின் நிறம் மாறியதையும் கண்டு, இடுக்கு வழியைக் கைவிட்டு மேல்வழியில் சென்றேன். அதே நிலை மீண்டும் வந்தால் மீண்டும் அவ்வாறே செய்வேன். ஆனால் அந்த மாற்றத்தை நான் பதிவு செய்த விதம் தவறு. பழைய வரியை அடிக்கவில்லை. அடுத்த பக்கத்தில் என் பெயரை எழுதவில்லை. என் தொழிலின் பழக்கத்தில் எழுதினேன். தேடி வருகிறவருக்கு அது எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. இதனால் தங்கள் காவலர் இருவர் உயிருக்கு ஆபத்தான இடத்தில் இறங்கினார்கள். அவர்கள் இருவரிடமும் நேரில் வந்து மன்னிப்புக் கேட்க அனுமதி வேண்டுகிறேன். பெட்டியில் உள்ள நோட்டில், வழியை மாற்றுவோர் பழைய வரியை அடித்துவிட்டுப் பெயரை மறுபடி எழுத வேண்டும் என்று முதல் பக்கத்தில் அச்சிட்டு ஒட்டினால், என் போன்றவர்களுக்கு உதவும்.'

கடைசி வாக்கியம் அக்காவுடையது. நோட்டீஸ் வந்தவள் அலுவலகத்துக்கே யோசனை சொல்வது முறையா என்று கேட்டேன். "தப்பு பண்ணினவளுக்குத்தான்டா அது எங்க இருக்குன்னு தெரியும்," என்றாள். விட்டுவிட்டேன். பொருள் வரியில், 'வழியை மாற்றியதற்கான காரணமும் அதைப் பதிவு செய்ததில் நேர்ந்த பிழையும்' என்று எழுதினேன். இருபது வருடத்தில் நான் எழுதிய பொருள் வரிகளில் இவ்வளவு நீளமானது வேறில்லை. ஒரு சொல்லைக்கூடக் குறைக்க மனம் வரவில்லை.

எதிரே அத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். ஏழு வரிதான். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மற்றவர் எழுதியதைத் திருத்துவது என் பிழைப்பு. ஆனால் அந்தத் தாளில் நான் கை வைக்கவில்லை. அதன் கடைசி இரண்டு வரி இப்படி இருந்தது: 'என் மனைவி திட்டத்தை மாற்ற மாட்டாள் என்று போனில் சொன்னவன் நான். எனக்குத் தெரியாமல் போனது, அவளுக்கு எப்போது மாற்ற வேண்டும் என்று தெரியும் என்பது.'

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். தன் கடிதத்துக்குப் பின்னால் வைத்துக் குண்டூசி குத்தினாள்.

மறுநாள் காலை மூன்று பேராக அஞ்சலகத்துக்குப் போனோம். வக்கீலுக்குக் கடை. அக்கா நொண்டியபடியே வந்தாள்; ஆட்டோ வேண்டாம் என்றுவிட்டாள். அஞ்சலகத்தில் பசைக் கிண்ணம் காய்ந்துபோயிருந்தது. அத்தான் குழாயடியில் அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொண்டு வந்தார். நான் தாள்களை மூன்றாக மடித்து, உறைக்குள் வைத்து, முகவரியை ஒருமுறை சரிபார்த்துவிட்டு நீட்டினேன்.

"இனி அனுமதி கிடைக்காதுன்னு பதில் வந்தா?" என்று அத்தான் மெதுவாகக் கேட்டார்.

"வந்தா வருத்தமாத்தான் இருக்கும்," என்றாள் அக்கா. "அழக்கூட அழுவேன். ஆனா அந்தப் பதிலும் எனக்குத்தானே வரும். காய்ச்சல் வந்த வேற எவளுக்கோ வராது."

அவளே பசை தடவினாள். ஓரம் ஓரமாக உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள். கவுண்டரில் இருந்த பெண் உறையை எடை போட்டு, பதிவுத் தபால் சீட்டை ஒட்டி, "அவசரமாப் போகணுமாம்மா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். கையில குடுத்துக் கையெழுத்து வாங்கினா போதும்," என்றாள் அக்கா.

முத்திரை இரண்டு தடவை விழுந்தது. அந்தப் பெண் உறையைப் பின்னால் இருந்த கோணிப்பைக்குள் போட்டுவிட்டு, வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டாள்.